கல்லூரி ஆய்விதழ்க் கட்டுரைகளை நீண்ட காலம் காப்பது எப்படி: குமரி மாவட்டப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுக்கு இரண்டு இதழ் கொண்டுவரும் ஒரு கல்லூரித் துறையை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. இருபது ஆண்டு இதழ்கள் பீரோவில் இருக்கும். பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் வடசேரியிலோ மீனாட்சிபுரத்திலோ ஒரு டிடிபி கடைக் கணினியில் கிடக்கும். பிந்தைய இதழ்கள் மட்டும் இணையதளத்தில் இருக்கும். "அதுதான் இணையத்தில் போட்டாயிற்றே, பிறகென்ன?" என்று யாராவது கேட்பார்கள்.

இணையதளம் கடை வாசல் மாதிரி, சரக்கறை அல்ல. 2000 முதல் 2019 வரை உலக அளவில் 174 திறந்த அணுக்க (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய) ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து அடியோடு காணாமல் போனதாக 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. டொமைன் புதுப்பிக்கப்படாமல் போவது, சர்வர் பணம் கட்டாமல் நிற்பது, பொறுப்பாசிரியர் ஓய்வுபெறுவது என்று இதழ்கள் மறையும் வழிகள் எல்லாமே சாதாரணமானவை. தமிழ் இதழ்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கோப்பு திறக்கும், பக்கம் அழகாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது தமிழே அல்ல. இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கெடுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து, இதழுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கங்கள், அச்சுப்படி எங்கே, மூலக்கோப்பு எங்கே, எந்த எழுத்துரு, இணைய முகவரி, கட்டுரையாளர் அனுமதி உண்டா. இவ்வளவு போதும், நாற்பது இதழுக்கு ஒரு நாள் வேலை. விடுபட்ட இதழ்களை நூலகத்தில் தேடுவதைவிட அதில் எழுதியவர்களின் வீடுகளில் தேடுவதே பலன் தரும். தன் கட்டுரை வந்த இதழை யாரும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதில்லை.

அச்சிலேயே தொகுதி எண் தவறி, 7 இரண்டு முறை வந்திருக்கலாம். திருத்தாதீர்கள். அச்சிட்டபடியே பதிந்து, குறிப்பு நிரலில் விளக்கம் எழுதுங்கள். மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் தவறான எண்ணைத்தான் காட்டியிருப்பார்கள்.

ஐஎஸ்எஸ்என் எண்ணையும் (தொடர் இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) இப்போதே சரிபாருங்கள். அச்சு இதழுக்கு ஓர் எண், இணைய இதழுக்குத் தனி எண். இரண்டையும் புது டெல்லியில் சிஎஸ்ஐஆரின் நிஸ்பர் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மையம் கட்டணமின்றித் தருகிறது. அச்சு எண்ணையே இணையதளத்திலும் போடுவது வழக்கமான பிழை. பல இடங்களில் படி வைத்துக் காக்கும் காப்பக வலையங்கள் இதழை அடையாளம் காண்பது இந்த எண்ணால்தான்.

மூலக்கோப்புகளை மீட்பது

டிடிபி கடையில் மூன்றைக் கேளுங்கள்: பேஜ்மேக்கர் கோப்பு, அதில் இணைத்த படங்களின் கோப்புறை, பயன்படுத்திய எழுத்துருக் கோப்பு. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். சில கடைகளில் எழுத்துருவுக்குத் தாங்களே பெயர் மாற்றி வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் எந்தக் குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் ஏற்பாடு) என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

பழைய சிடியில் இருந்தால் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்காதீர்கள். முதலில் சிடி முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக (அப்படியே முழு நகலாக) எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்னும் இலவசக் கருவி, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மற்றதை எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீள்வதால் பிழைதிருத்தம் அதைச் சமாளிக்காது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, 2001-இல் வந்தது. கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவி, அதற்குள் எழுத்துருவையும் பேஜ்மேக்கரையும் போட்டுத் திறப்பதே குறைந்த தலைவலி.

எழுத்துரு: இங்கேதான் தமிழ் இதழ்கள் சாகின்றன

பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டிய 'தமிழ்' என்னும் சொல் கோப்புக்குள் தமிழாக இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக்கிய டேப், டேம் குறியாக்கங்களும், டிஸ்கியும், ஸ்ரீலிபியும், வானவில்லும் தத்தம் வழியில் இதே வேலையைச் செய்தவை. 2010-இல் அரசு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடை ஏற்ற பிறகும் அச்சுக்கூடங்கள் பழையதையே தொடர்ந்தன. ஆகவே ஆண்டை வைத்து ஊகிக்காமல் ஒவ்வொரு இதழையும் சோதியுங்கள்.

சோதனை எளிது. பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் பழைய குறியாக்கம். 'கொடுத்தான்' என்பது 'ெகாடுத்தான்' என்று வந்தால் யூனிகோடுதான், ஆனால் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டுள்ளன, தேடினால் அகப்படாது. சரியாக வந்தால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள்.

பழைய குறியாக்கத்தை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து மாற்றாதீர்கள். பேஜ்மேக்கரிலிருந்து ஒவ்வொரு கட்டுரையையும் ஆர்டிஎஃப்பாக ஏற்றுமதி செய்து, அதிலிருந்து மாற்றுங்கள். காரணம் இதுதான்: கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல், தாவரத்தின் லத்தீன் பெயர், இணைய முகவரி எல்லாம் இருக்கும். வெறும் எழுத்தாக எடுத்தால் எது பாமினி, எது ஆங்கிலம் என்று கருவிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கி உளறும். ஆர்டிஎஃப்பில் எழுத்துருப் பெயர் கூடவே வருவதால் பாமினிப் பகுதியை மட்டும் பிரித்து மாற்றலாம்.

மாற்றிய பிறகு தேட வேண்டியவை:

'ஔ' வர வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்து. ஔவையார் பாதிக் கட்டுரைகளில் 'ஒளவை'யாகத்தான் இருப்பார்.

கால் (ா) வர வேண்டிய இடத்தில் 'ர'. கண்ணுக்குத் தெரியாது, தேடலில் சிக்கும்.

'கொ' போன்றவற்றின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முழுக் கோப்பையும் என்எஃப்சி என்னும் இயல்பாக்க வடிவுக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும்.

'ஸ்ரீ' இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது, ஸ-வைக் கொண்டும் ஶ-வைக் கொண்டும். பிந்தையது யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. இதை இயல்பாக்கமும் சரிசெய்யாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததை எழுதி வையுங்கள்.

குமரி மாவட்ட இதழ்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. திருவிதாங்கூர் ஆவணங்களைப் பற்றிய கட்டுரை என்றால் நடுவே மலையாள மேற்கோள் இருக்கும். அது பெரும்பாலும் எம்எல்-டிடி கார்த்திகா போன்ற பழைய மலையாள எழுத்துருவில் இருக்கும். தமிழ் மாற்றி அதைச் சின்னாபின்னமாக்கும். அந்தப் பகுதியைத் தனியே எடுத்து மலையாள மாற்றியில் மாற்றுங்கள். உயிர் சேராத மெய்யைக் காட்டும் மலையாளச் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியிடங்கள் 2008-இல் யூனிகோடு 5.1-இல் வந்தவை. அதற்கு முன் தட்டிய உரையையும் பின் தட்டியதையும் கலந்து வைத்தால் ஒரே சொல் இரு வேறு சொற்களாகத் தேடலில் நிற்கும். வட்டெழுத்துக்கோ எந்த மாற்றியும் உதவாது. கல்வெட்டு வரிகளைப் படமாகவும், படித்த பாடத்தைத் தமிழ் யூனிகோடிலும் என இரண்டாக வையுங்கள்.

அச்சுப்படி மட்டுமே இருந்தால்

இப்படி ஸ்கேன் செய்யுங்கள்: 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), சாம்பல் நிறம், சுருக்கமில்லாத டிஃப் படக்கோப்பு. நிறப்படமும் கல்வெட்டுப் படமும் உள்ள பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எடுங்கள். கறுப்பு-வெள்ளை மட்டும் என்ற முறை வேண்டாம். மங்கிய புள்ளிகள் முதலில் காணாமல் போவது அதில்தான். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும்.

டெமி அளவுப் பக்கம், அதாவது எட்டரைக்கு ஐந்தரை அங்குலம், இந்த முறையில் ஏறக்குறைய 7.5 எம்பி வரும். 120 பக்க இதழ் 900 எம்பி. நாற்பது இதழ் சேர்ந்தாலும் 36 ஜிபிதான். ஒரு கல்யாண வீடியோ இதைவிட அதிக இடம் பிடிக்கும், ஆகவே இடத்தை மிச்சப்படுத்த ஜேபெக்கில் ஸ்கேன் செய்யும் கணக்கு எதற்கும் உதவாது.

தையல் இறுக்கமான இதழ்களில் நடுவோரம் வளைந்து எழுத்து நசுங்கும். கைவசம் மூன்று படிகள் இருந்தால் ஒன்றின் முதுகை வெட்டித் தனித்தனித் தாளாக ஸ்கேன் செய்யலாம். ஒன்றே இருந்தால் வெட்டாதீர்கள். இராமபாணப் பூச்சி அரித்த படியை மென்தூரிகையால் துடைத்த பிறகே கண்ணாடியில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததை முகக்கவசத்தோடு, மற்ற இதழ்களிலிருந்து தள்ளி வைத்துக் கையாளுங்கள்.

படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரிக்கு, டெஸரக்ட் என்னும் இலவச மென்பொருளின் தமிழ்த் தரவு போதும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் கொம்பு போட்ட லை, னை, ணை, பழைய றா, னா ஆகியவை தடுமாறும். ள, ன, ண குழப்பம் எப்போதும் உண்டு. முழுக் கட்டுரையையும் மெய்ப்பு பார்க்க ஆளில்லையென்றால் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், ஊர்ப்பெயர்கள், அடிக்குறிப்பு எண்கள் ஆகியவற்றையாவது கையால் திருத்துங்கள். மீதியைத் திருத்தாத எழுத்துணரி உரை என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள்.

பிடிஎஃப்/ஏ, அதன் ஏமாற்று வேலை

நீண்ட காலத்துக்கென்று வகுத்த பிடிஎஃப் வகை பிடிஎஃப்/ஏ. ஐஎஸ்ஓ 19005 தரம், முதல் பகுதி 2005-இல் வந்தது. எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் கூடாது, வெளியே எதையும் நம்பியிருக்கக் கூடாது. தமிழுக்கு ஏற்றது 2யூ நிலை. ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு இணை இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சோதிக்க வெராபிடிஎஃப் என்னும் இலவசக் கருவி உண்டு.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாமினி பிடிஎஃப்பையும் வெராபிடிஎஃப் 'தேறியது' என்று சொல்லக்கூடும். ஒவ்வொரு வடிவுக்கும் யூனிகோடு இணை இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. அந்த இணை 'த'வா, ஆங்கில 'ஜே'யா என்பது அதன் கவலை அல்ல. ஆகவே கருவிச் சோதனைக்குப் பிறகும் நோட்பேடு சோதனையைச் செய்யுங்கள்.

எங்கள் பரிந்துரை: ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று கோப்புகள். அச்சில் வந்த தோற்றத்தைக் காட்டும் பிடிஎஃப்/ஏ. யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) வெற்றுரையாக முழுக் கட்டுரை. தலைப்பு, ஆசிரியர் போன்ற தகவல் கொண்ட விவரக்கோப்பு. மூலமான பேஜ்மேக்கர், எழுத்துரு, டிஃப் எல்லாம் தனிக் கோப்புறையில். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான ஜாட்ஸ் எக்ஸ்எம்எல் வடிவமாக்கினால் இன்னும் நல்லது. ஆனால் சிறிய துறைக்கு அந்த உழைப்பு இப்போது வேண்டாம். வெற்றுரை சரியாக இருந்தால் பிறகு எப்போதும் செய்யலாம்.

பெயரிடுதல், விவரம்

கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். ஜிப் ஆக்கி வேறு கணினியில் விரிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் குதறப்படலாம். எண்களும் அடிக்கோடும் போதும். 2014_07_02_045_058 என்றால் ஆண்டு, தொகுதி, இதழ், தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம். 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்ற வரிசைக்கு அப்போது வேலையே இல்லை.

ஆசிரியர் பெயரில் தலையெழுத்துச் சிக்கல் உண்டு. மேலைநாட்டுப் படிவங்கள் குடும்பப்பெயர் கேட்கும். நம்மிடம் தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கும். ஆய்விதழ் நடத்தும் இலவச மென்பொருளான ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸின் புதிய பதிப்புகளில் குடும்பப்பெயர் கட்டாயமில்லை. முழுப்பெயரை முதல் பெட்டியில் போட்டு, அச்சில் வந்த வடிவத்தைத் தனியே பதியுங்கள். ஊர்ப்பெயருக்கு வழங்கும் மாற்று வடிவங்களையும் திறவுச்சொல்லில் சேருங்கள். திருவிதாங்கோடு, திருவிதாங்கூர் இரண்டும் ஒன்றல்ல என்பது எழுதியவருக்குத் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது.

படிகள், கைரேகை, ஈரக்காற்று

ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலில் வையுங்கள். 64 குறிகள் கொண்ட அந்தக் கைரேகை, கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். பேகிட் என்னும் பொதி முறை கோப்புகளையும் இந்தப் பட்டியலையும் ஒரே கட்டாக வைக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இலவசக் கருவியே உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் மேலெழுதினால் கெட்டுப்போன கோப்பு நல்ல படியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். வெளியூர் என்றால் உண்மையாகவே வெளியூர். நாகர்கோவிலில் ஒன்று, மார்த்தாண்டத்தில் ஒன்று என்று வைத்தால் 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் போன்ற ஒன்றுக்கு இரண்டும் ஒரே இடம்தான். திருவனந்தபுரமும் அதே கரை. மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புங்கள்.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. கடலோரக் கல்லூரிகளில் உப்புக்காற்று வன்தட்டின் இணைப்பு முனைகளை அரிக்கும். வன்தட்டை மூடி இறுகும் ஐந்து லிட்டர் டப்பாவில் 250 கிராம் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சிறிய ஈரமானியோடும் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நிறம் மாறிய ஜெல்லை வெயிலில் காயவைப்பது போதாது, 110 முதல் 120 டிகிரி சூடு வேண்டும். நீலநிற ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் சமையல் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த வன்தட்டை உடனே இயக்காமல், டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்த பிறகு எடுங்கள். இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துவிடும்.

பென்டிரைவும் எஸ்எஸ்டியும் கையில் கொண்டுபோகத்தான். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மின்னூட்டம் கசிந்து தரவு போகும். வன்தட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு வாங்கினால் வேறு வேறு நிறுவனத்தினதாக வாங்குங்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒன்றாகவே சாகக்கூடும். ஆசிரியரின் சொந்த கூகுள் கணக்கு காப்பகம் ஆகாது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி.

வலையங்களில் சேர்வது

ஸ்டான்ஃபோர்டில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தின் கொள்கை, நிறைய படிகள் இருந்தால் பொருள் பத்திரம் என்பது. பல நூலகங்களின் கணினிகள் தம் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கெட்டதைத் தாமே சரிசெய்யும். நமக்குப் புதிதல்ல இது. சுசீந்திரம் கல்வெட்டுகளை வெளியிட்ட திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் 1910-களின் தொகுதிகள் இன்றும் கிடைப்பது, பல நூலகங்களில் படிகள் இருந்ததால்தான்.

உங்கள் இதழ் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸில் இயங்கினால், அந்த மென்பொருளை உருவாக்கிய பிகேபி அமைப்பு லாக்ஸ் முறையில் நடத்தும் காப்பு வலையத்தில் கட்டணமின்றிச் சேரலாம். ஐஎஸ்எஸ்என் வேண்டும், ஓர் இதழாவது வெளிவந்திருக்க வேண்டும். அதற்கான செருகுநிரலை இதழ் மென்பொருளின் செருகுநிரல் அரங்கிலிருந்து நிறுவி, விதிமுறைகளை ஏற்க வேண்டும். நிறுவியவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சர்வரில் பிஎச்பியின் ஜிப் வசதியும் நேர அட்டவணைப் பணிகளும் இயங்காவிட்டால் வைப்பு நகராமல் நிற்கும். சில வாரம் கழித்து நிலைப் பக்கத்தைப் பாருங்கள். இது இருட்டுக் காப்பகம். இதழ் வெளிவருவது நின்ற பிறகுதான் வாசகருக்குத் திறக்கும். போர்ட்டிகோ, கிளாக்ஸ் என்னும் காப்பகங்களும் நல்லவை, ஆனால் கட்டணம் உண்டு. எந்தக் காப்பகம் உங்கள் இதழை வைத்திருக்கிறது என்பதை ஐஎஸ்எஸ்என் பன்னாட்டு மையத்தின் கீப்பர்ஸ் பதிவேட்டில் பார்க்கலாம்.

இதழ் மென்பொருளே இல்லாத பழைய இதழ்களுக்கு ஜெனிவாவின் செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஸெனோடோ என்னும் இணையக் களஞ்சியம் பொருந்தும். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, டிஓஐ என்னும் நிலையான அடையாள எண்ணும் இலவசம். கூடவே இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றுங்கள்.

சோத்கங்கா களஞ்சியம் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு, இதழ்களுக்கல்ல. கூகுள் ஸ்காலர் எதையும் காப்பதில்லை. 2025-இல் கைவிடப்பட்ட யுஜிசி-கேர் என்னும் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலில் இருந்ததும் காப்பு ஆகாது. டிஓஐ வாங்கினாலும் கட்டுரை காணாமல் போகலாம், எண் மட்டும் அநாதையாக நிற்கும்.

இதழ்த் தளத்தின் காப்புப் படி

ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸில் கட்டுரைக் கோப்புகள் பொதுக் கோப்புறையில் இல்லை. அதற்கு வெளியே தனி இடத்தில் இருக்க வேண்டும். தளக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் இதழின் தோல்தான் கிடைக்கும். தரவுத்தளம், கோப்புகள் இடம், பொதுக் கோப்புறை, அமைப்புக் கோப்பு நான்கும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும். தரவுத்தளத்தின் எழுத்துத்தொகுதி யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். சர்வர் மாற்றும்போது எழுத்துத்தொகுதி தவறினால் தலைப்புகள் வெறும் கேள்விக்குறிகளாகும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் அதிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க முடியாது.

அனுமதியும் பொறுப்பும்

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். 'கட்டுரையை வெளியிடச் சம்மதம்' என்ற பழைய ஒற்றை வரிக் கடிதங்கள் இதில் விழுகின்றன. புதுப் படிவத்தில் பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், காப்பகங்களில் வைக்கவும் வடிவம் மாற்றவும் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஆசிரியர் மறைந்திருந்தால், மறைவுக்குப் பின் 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அனுமதி கிடைக்காதவற்றை ஸ்கேன் செய்து, பொதுவில் காட்டாமல் வையுங்கள். அச்சுப்படி கைவசமுள்ள வணிக நோக்கமற்ற பொது நூலகம் காப்புக்காக மின்வடிவில் சேமிக்க 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் கல்லூரி நூலகத்துக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டொமைன், சர்வர், ஸெனோடோ, இதழ் மென்பொருள் எல்லாம் பதவியின் பெயரிலான மின்னஞ்சலில் பதிவாக வேண்டும், ஆளின் பெயரில் அல்ல. கல்வியாண்டு முடிவில் ஒருவர் ஓய்வுபெறும்போது அவருடைய கல்லூரி மின்னஞ்சலும் மூடப்படும். டொமைன் நினைவூட்டல் கடிதங்கள் அந்த மூடிய பெட்டிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

மழைக்கு முன், மே மாத இறுதியில், ஆண்டுக்கு ஒருமுறை மீட்பு ஒத்திகை வையுங்கள். இதழோடு தொடர்பில்லாத ஒரு மாணவரிடம் வெளியூர்ப் படியை மட்டும் கொடுத்து, பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு கட்டுரையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர் பட்டியலில் கண்டுபிடித்து, ஷா-256 ஒப்பிட்டு, பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு வரியை நோட்பேடில் ஒட்ட வேண்டும். யாரிடமும் கேட்காமல் அரை மணி நேரத்தில் முடியாவிட்டால், அவர் எங்கே தடுமாறினார் என்பதைக் குறித்து, அந்த இடத்தை ஜூன் முதல் வாரத்துக்குள் சரிசெய்யுங்கள்.